துண்டுக்கு அடியில் சொன்ன விலை

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று இன்றைக்கும் தெரியாது. மறதியும் இருக்கிறது. காலையில் கழற்றி வைத்த கண்ணாடியைச் சாயங்காலம் வரைக்கும் தேடுகிறவள், பத்துப் பதினைந்து வருஷத்துச் சங்கதியைச் சொல்ல வந்தால் முன்னது பின்னதாகத்தான் போகும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபப்படுகிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

நான் மரத்தில் மாடு செய்கிறவள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு காளை, நாலு சக்கரம், இழுக்க ஒரு கயிறு. பொம்மைதான். ஆனால் அதைக் கையில் எடுத்த உடனே "எவ்ளோ?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் அடிவயிற்றில் நெருப்பு வைத்தது போல இருக்கும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். வீட்டுக்காரர் மரவேலை செய்தவர். கட்டில், நிலை, ஜன்னல். அவர் இழைத்துப் போடுவார், நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். முப்பது வருஷம் தேய்த்தேன். அவர் போன பிறகு உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் ஒரு பெட்டியில் கிடந்தன. காடாம்புலியூர் பக்கத்து அறுவை மில்லிலிருந்து அவர் வாங்கிப் போட்ட பலாத் துண்டுகள் ஒரு மூட்டை மிச்சம். விறகுக்குக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய மரம். அவர் கை பட்ட மரம். அதை அடுப்பில் வைக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஒன்றை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தேன். முதல் மாடு பன்றி மாதிரி இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ மாடு போல வந்தது. வார்னிஷ் அடிக்கவில்லை. பிள்ளைகள் வாயில் வைக்கும் என்று தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினேன். பலா மரம் மஞ்சளாக இருக்கும், எண்ணெய் பட்டால் வெல்லப்பாகு நிறத்துக்கு வரும்.

சுனாமி அலை வந்த வருஷமா, அதற்கு முந்தின வருஷமா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. 2004 என்றுதான் ஞாபகம். எதிர் வீட்டு டீச்சரம்மா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரு மாட்டைக் கையில் எடுத்தார்.

"நல்லாருக்கே. என்னா வெல?"

கடையில் கத்தரிக்காய் வாங்கக்கூட நான் பேரம் பேசினவள் இல்லை. அவர் இருந்தவரைக்கும் எல்லா விலையும் அவர் வாயிலிருந்துதான் வரும். நான் உள்ளே நிற்பேன்.

"நீங்களே பாத்துக் குடுங்க டீச்சர்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வெட்கப்படுகிறவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான். பார்த்துக் கொடுங்கள் என்று சொன்னால், அவர்கள் மாட்டையா பார்க்கிறார்கள்? பர்ஸைப் பார்க்கிறார்கள். டீச்சரம்மா பத்து ரூபாயை எடுத்து என் கையில் வைத்து மூடினார்.

"வச்சிக்கம்மா. பொழுது போவாம செஞ்சதுதான?"

இரண்டு நாள் வேலை அது. கொம்பு இரண்டையும் தனியாகச் சீவி, துளை போட்டுச் சொருகியது. சீவும்போது உளி நழுவி இடது கட்டைவிரல் கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பொழுது போகாமல் யாராவது விரலைக் கிழித்துக்கொள்வார்களா? வீட்டுக்காரர் கட்டில் செய்தபோது இதே டீச்சரம்மா வந்து, பொழுது போகாமல் செய்தீர்களா என்று கேட்டாரா? கேட்கவில்லை. ஆம்பளை பிடித்தால் உளி, நான் பிடித்தால் பொழுதுபோக்கு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் இல்லை. உள்ளே போய் அரிசி களைந்தேன். அரிசியில் பாதி தரையில் கொட்டியது.

எனக்கு ஒரு தம்பி. சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறான். மாட்டுத் தரகன். ஊர் ஊராகச் சந்தைக்குப் போய், விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று மாட்டை முடித்து வைப்பது அவன் தொழில். மாசத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ என்னைப் பார்க்க வருவான். அந்தத் தடவை வந்தபோது ஜன்னலில் வரிசையாக வைத்திருந்த மாடுகளைப் பார்த்துவிட்டான். ஒன்றை எடுத்து, சந்தையில் வயசு பார்க்கச் செய்வது போலவே தலையைத் தூக்கிப் பிடித்து வாயைத் திறக்கப் பார்த்தான்.

"யக்கா, இதுக்கு எத்தினி பல்லு?"

"போடா."

"திமிலு எடது பக்கம் சாஞ்சிருக்கு. இத சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா எவனும் கவுத்தத் தொட மாட்டான். கால் மட்டும் நல்ல கால்."

டீச்சரம்மா கொடுத்த பத்து ரூபாயைப் பற்றிச் சொன்னேன். இருமல் வரும்வரைக்கும் சிரித்தான்.

"பத்து ரூவாயா? மாட்டுக்கா, சாணிக்கா? வெலய நீ சொல்ல வேண்டியதுதான?"

"வாய் வர மாட்டேங்குதுடா."

"வாய எவன் கேட்டான்? வெரல் இருக்குல்ல?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கையின் மேல் போட்டான். அதற்கு அடியில் அவன் கையை நுழைத்தான். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, எதிராளி விரலைப் பிடித்து அழுத்துவார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. பத்தா, நூறா, ஆயிரமா என்பதை மட்டும் முதலில் வாயால் சொல்லிக்கொள்வார்கள். தரகன் விற்கிறவனிடம் ஒரு தடவை, வாங்குகிறவனிடம் ஒரு தடவை இப்படிக் கையைக் கொடுத்து எடுப்பான். இரண்டு பேருக்கும் என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும்தான் தெரியும். இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தைப் பக்கம் நான் போனதே இல்லை.

"பத்து பத்தா புடி" என்றான். "ஒரு மாடு என்னா வெல?"

துண்டு மூடியிருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது. அவனுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டேன். மறுபடியும் பிடித்தேன். நூறு ரூபாய்.

அது கண்ணை மூடிக்கொண்டு சொன்ன விலை இல்லை. வீட்டுக்காரருடைய ஒரு நாள் கூலியைத் தொழிலுக்குப் புதியவள் என்று பாதியாக்கி, இரண்டு நாளைக்கு அதையே வைத்து, அதிலும் பொம்பளை என்று கொஞ்சம் குறைத்து, நானே என்னை வெட்டி வெட்டிச் சொன்ன விலை. நல்ல தரகனின் முகத்தில் ஒன்றும் தெரியாது. தம்பியின் முகத்திலும் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சரி. ஆறு மாட்டப் பையில போடு. மாட்ட வித்துட்டுப் போறவன் புள்ளைக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போவான்."

அடுத்த முறை வந்தபோது அறுநூறு ரூபாய் கொண்டுவந்தான். ஆறு மாட்டுக்கு ஆறு நோட்டு. பேரம் இல்லை, குறை இல்லை.

அந்த நோட்டுகளை நான் எப்படிப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆறு பேர், முகம் தெரியாத ஆறு பேர், என் விலையைக் கேட்டு, சரி என்று சொல்லியிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிசாக இருந்தது. அரிசி பருப்புக்கு வெளியூரில் இருக்கிற மகன் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாசம் நாலைந்து மாடு. அலை அடித்து தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் நாசமான சமயத்தில் கொஞ்ச மாசம் செய்யவில்லை. அப்புறம் மறுபடியும் செய்தேன். பலாத் துண்டு விலை ஏறியது, என் கையும் தேறியது. திமில் சாய்வது நின்றது. நூற்றிருபது ஆக்கினேன். இரண்டு வருஷம் கழித்து நூற்றைம்பது. ஒவ்வொரு தடவையும் துண்டுக்கு அடியில்தான் சொல்வேன். நூற்றைம்பதுக்கு மூன்று தடவை அழுத்த வேண்டும். மூன்றாவது தடவை அழுத்தும்போதும் அவன் கை அசையவில்லை. அந்த மாசமே ஒவ்வொரு மாட்டுக்கும் நூற்றைம்பது வந்தது.

எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சரம்மா பேத்திக்கு ஒரு மாடு வேண்டும் என்று வந்தார். விலை சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. ஆனால் அவர் வேறு மாதிரி கேட்டார்.

"இப்பல்லாம் உன் தம்பி எடுத்துட்டுப் போறாராமே. என்னா வெலைக்குப் போவுது?"

"சிதம்பரத்துல நூத்தம்பது போவுது டீச்சர்."

விலையாகச் சொல்ல வராதது, செய்தியாகச் சொல்ல வந்துவிட்டது.

"நூத்தம்பதா! கொஞ்சம் சேத்துப் போட்டா கன்னுக்குட்டியே வாங்கிடலாமேம்மா. யாரு குடுக்குறா?"

"குடுக்குறவங்க குடுக்குறாங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்புக்குத் தம்பி கொண்டுவரும் நோட்டு பதில் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் நானாகவே சொன்னேன். என் மாடு சிதம்பரத்தில் நூற்றைம்பது போகிறது என்று.

புயலடித்து முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்ததே, அதற்கு முந்தின ஆனி மாசம் என்று நினைக்கிறேன். அதற்கும் முந்தின வருஷமாகவும் இருக்கலாம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் ஓடுகிற நாள். திருவிழாவுக்கு என்று தம்பி ஏழு மாடு முன்னாலேயே எடுத்துப்போயிருந்தான். இன்னும் நாலு மாடு அன்று காலையில்தான் எண்ணெய் தடவி முடிந்தது. கூட்டம் என்றால் எனக்கு மூச்சு முட்டும். இருந்தாலும் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தால் ஆச்சரியப்படுவான் என்று ஒரு சின்ன ஆசை.

தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் முனையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். நான் வளையல் கடை ஓரமாக வரும்போதே ஒரு புருஷன் பெண்சாதி அவன் முன்னால் நின்றார்கள். நான் கடைப் படுதாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். என் மாடு விற்பதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது.

"என்னா வெலப்பா?" என்றார் அந்த ஆள்.

தம்பி பழக்க தோஷத்தில் துண்டை எடுத்துக் கையை நீட்டினான். அந்த ஆள் பின்னால் நகர்ந்தார்.

"யோவ், எதுக்குய்யா கையப் புடிக்கிற?"

"ஒண்ணுமில்ல சார். அம்பது ரூவா."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"கட்டைக்கு அம்பதா? அங்க பேட்டரி போட்டது அம்பதுக்குத் தரான். நடக்குது, கத்துது."

"இதுவும் நடக்கும் சார், நீங்க இழுத்தா."

"முப்பத்தஞ்சு."

"எடுத்துக்குங்க."

எடுத்துக்குங்க. இவ்வளவு சுலபமாகச் சொன்னான். என் மாட்டை ஒரு தாளில்கூடச் சுற்றவில்லை. அந்த ஆள் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டே போனார். சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டு போனது.

கூட்டம் கலைகிற நேரம், அதனால் தள்ளிவிடுகிறானோ என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் கூட்டம் கலையவே இல்லை, தேர் இன்னும் கிழக்கே இருந்தது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று நாற்பதுக்குப் போனது. ஒன்று முப்பதுக்கு. முப்பதுக்கு வாங்கின அம்மா, "வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒடைஞ்சிடாதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் பையிலிருந்த நாலு மாடும் கல்லாகக் கனத்தன. தம்பியிடம் போகவில்லை. பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தம்பி மனைவி மோர் கொடுத்தாள். வாங்கித் தரையில் வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யக்கா! எப்ப வந்த? ஏழும் போயிடுச்சி. நல்ல வெல." மடியிலிருந்து எடுத்து நீட்டினான். ஆயிரத்தைம்பது. மாட்டுக்கு நூற்றைம்பது, கொஞ்சமும் பிசகாமல்.

நான் கையை நீட்டவில்லை.

"இதுல எது மாட்டு காசு, எது உன் காசு?"

அதே தரகன் முகம். அடுப்படியிலிருந்து தம்பி மனைவிதான் பேசினாள்.

"கேளுங்க அண்ணி, நல்லாக் கேளுங்க. நானும் ஆறு வருஷமா கேக்குறேன். சந்தையில ரெண்டு ஜோடி முடிச்சிட்டு வந்தாகூட எண்ணெ வாங்க காசு இருக்காது. எங்கன்னு கேட்டா மரமாடு தின்னுட்டுதும்பாரு."

"நீ உள்ள போ" என்றான் தம்பி.

"உள்ளதான நிக்கிறேன். இன்னும் எங்க போவணும்?"

திருடியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கூடப் பிறந்தவன் பத்து இருபது எடுத்துக்கொண்டான் என்றால் இரண்டு நாள் திட்டித் தீர்த்திருப்பேன். இவன் எடுக்கவில்லை. போட்டிருக்கிறான். முதல் அறுநூறு ரூபாயிலிருந்து போட்டிருக்கிறான்.

"ஏண்டா இப்பிடிப் பண்ண?"

"வேற என்னா பண்ணச் சொல்ற? மாமா போன பொறவு நீ ஒருத்தர்கிட்டயும் பேசல. அந்த மாட்டச் செதுக்க ஆரம்பிச்சப்புறம்தான் ஒழுங்கா சோறு தின்ன. வெல படியலன்னு வந்து சொன்னா, உளியத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி மூலையில குந்திக்குவ."

"குந்துறேன். அது என் மூல."

"ரெண்டு பக்கமும் சந்தோஷமா போவணும் யக்கா. தரகுன்னா அதான்."

"ஒரு ஜோடி மாட்டுக்கு இப்பிடிப் பண்ணுவியா? உன் கைக்காசப் போட்டு முடிச்சி வைப்பியா?"

"அது மாடு. அதுக்கு வெல இருக்கு. இதுக்கு..."

நிறுத்திக்கொண்டான். நிறுத்தினதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

ஆறு வருஷம் ஊரே என் விலையை ஒத்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன். ஊர் போகட்டும், ஒரே ஒரு ஆளாவது ஒத்துக்கொண்டான் என்று அன்றைக்கு ஆறுதல் பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவனும் ஒத்துக்கொள்ளவில்லை. துண்டுக்கு அடியில் நான் மூன்று தடவை அழுத்தியபோது, பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் கையைக் கொடுத்திருக்கிறான். அன்பு என்று சொல்வீர்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் எரிந்தது. டீச்சரம்மாவாவது பத்து ரூபாயை என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். நான் தெருவெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறேனே, நூற்றைம்பது போகிறது என்று!

ஆயிரத்தைம்பதையும் அவன் மனைவி கையில் கொடுத்தேன். "எண்ணெ வாங்கு" என்றேன். அவள் வாங்கிக்கொண்டு அழுதாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆறு வருஷம் அவளும் சொல்லவில்லையே.

மறுநாள் திருமஞ்சன தரிசனம். காலையிலேயே நாலு மாட்டை எடுத்துக்கொண்டு அதே சந்து முனைக்குப் போனேன். சாக்கை நானே விரித்தேன். தம்பி பின்னாலேயே வந்தான்.

"யக்கா, உனக்கு எதுக்கு இந்தக் கூட்டம்? என்கிட்ட குடு."

"தள்ளிப் போ."

பத்தடி தள்ளி, மூடிக் கிடந்த ஒரு கடைப் படியில் போய் உட்கார்ந்தான்.

முதலில் ஒரு வயசான ஆள் குனிந்து கேட்டார். "என்னாம்மா வெல?" நூற்றைம்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவர் போய்விட்டார். அடுத்து இரண்டு பெண்பிள்ளைகள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "என்னா பாட்டி? கேக்கல" என்றார்கள். மறுபடி சொன்னேன். ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினாள். சிரித்துக்கொண்டு போனார்கள். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது சத்தம் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. பக்கத்துப் பலூன்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நூத்தம்பதா? என்னா தங்கத்துலயா செஞ்சிருக்கு?"

"பலாவுல" என்றேன்.

வெயில் ஏறியது. கேட்டவர்கள் நிறையப் பேர். எழுபது தருகிறேன் என்றார் ஒருவர். ஒருவர் எண்பது வரைக்கும் வந்தார். நேற்றைக்கு இதே மாடு முப்பது ரூபாய் என்று ஒரு அம்மா என்னைப் பொய்க்காரி என்றார். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் அதிகமானது. ஒருவர் மாட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து, அந்த ஆளின் கையைத் தேடித் துண்டை நீட்டினான். நான் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவனும் கொஞ்சம் இழுத்தான்.

"வுடுடா."

விட்டான். அதை நாலாக மடித்துச் சாக்கின் மேல் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வாங்க வந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மாட்டை வைத்துவிட்டுப் போனார். "இப்பிடியே குந்திக்கிட்டு இரு. நல்லா யாவாரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, வெறும் தோளோடு தம்பி டீ குடிக்கப் போய்விட்டான்.

அவன் போனதும் ஒரு அம்மா வந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை. இடுப்பில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை. குழந்தை குனிந்து ஒரு மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

"எவ்ளோம்மா இது?"

"நூத்தம்பது."

"அநியாயமா இருக்கு. அறுவது தரேன்."

"நூத்தம்பது."

"நீ என்னா ஒரே பாட்டா பாடுற? ஜாஸ்தின்னா நூறு. அதுவும் புள்ள அழுவுதேன்னுதான்."

"நூத்தம்பதும்மா. ரெண்டு நாள் வேல."

"ரெண்டு நாள் செய்யச் சொல்லி நானா கேட்டேன்?" குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். குழந்தை தெற்கு வீதியே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு போனது.

கால் மணி நேரம் இருக்கும். அந்த அம்மா திரும்பி வந்தார். குழந்தை இப்போது விக்கிக்கொண்டிருந்தது. ஒரு நூறு, ஒரு ஐம்பது. இரண்டையும் என் மடியில் எறியாத குறையாகப் போட்டார்.

"புடி. ஊரக் கொள்ளையடி. இந்தக் காசு உனக்கு ஒட்டாது, பாத்துக்க."

மாட்டை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார். முனை திரும்புகிற வரைக்கும் அந்தத் திட்டு கேட்டது. எனக்கு அதைவிட நல்ல வார்த்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்து, என் வாயால் விலையைக் கேட்டு, வயிறெரிந்து ஒருவர் கொடுத்த காசு. சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது தம்பி வந்தான். கையில் எனக்கு ஒரு டம்ளர் டீ.

"வித்துதா?"

"வித்துது."

"எவ்ளோக்கு?"

"நூத்தம்பது."

"பாத்தியா" என்றான். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றுமில்லை.

டீயைப் பாதி குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா போய்த் திரும்பி வந்த கால் மணி நேரமும் இவன் எங்கே இருந்தான்? டீக்கடை எதிரிலேயே இருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீ குடுத்தியா? அந்தம்மா கையில நீ காசு குடுத்தியா?"

"எந்தம்மா?"

"டேய்."

"நான் எந்தம்மாவயும் பாக்கல. கோயில் இருக்கிற தெசையப் பாத்துச் சொல்றேன், குடுக்கல." நான் வைத்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பிடியே குடுத்திருந்தாலும் உனக்கு என்னா யக்கா? வித்துதா இல்லயா?" என்றான்.

அந்த இரண்டாவது வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் முதலாவதை நம்பியிருப்பேன். மீதி மூன்று மாட்டையும் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். துண்டு சாக்கின் மேலேயே கிடந்தது.

அதற்கப்புறம் அவனிடம் மாடு கொடுப்பதில்லை. வருவான், ஜன்னலைப் பார்ப்பான், திமில் நன்றாக வந்திருக்கிறது என்பான். கையை நீட்ட மாட்டான். டீச்சரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன், சிதம்பரத்தில் நூற்றைம்பதுக்கு ஒன்றுதான் போனது, அதுவும் சந்தேகம் என்று. அவர் சிரிக்கவில்லை. ஒரு மாடு கேட்டார், நூற்றைம்பது என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் யோசிக்கிறார். அதிலிருந்து வாசலில் வைத்தே விற்றேன். வருஷத்துக்குப் பத்துப் போனால் அதிகம். எல்லாரிடமும் வாய்விட்டுத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றில் நெருப்புதான். ஆனாலும் சொன்னேன்.

தம்பி இன்னும் இருக்கிறான். அந்த நூற்றைம்பதைப் பற்றி இன்னும் பத்துத் தடவை கேட்டுவிட்டேன். பத்துத் தடவையும் அதே முகம்.

வருஷம், தேர் அன்று எங்கே நின்றது, அறுவை மில் எந்த ஊர்ப் பக்கம் என்பதெல்லாம் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். இதை அச்சுப் போடுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும். கத்தரிப்பூ நிறச் சேலை, மஞ்சள் கவுன் குழந்தை, தரிசனத்தன்று மதியத்துக்கு முன்னால், தெற்கு வீதிச் சந்து முனை. அந்த அம்மா யார் என்று தெரிந்தால், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும், அந்த நூற்றைம்பது அவருடைய காசுதானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.